லென்ஸ் வைத்தவள்

என் மாமியார் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்நேரத்துக்கு நான் மேலே போயிருப்பேன். வெயிலில் நின்று, செருப்பை மீறி உள்ளங்கால் கொதித்து, முன்னால் நின்ற காலேஜ் பிள்ளைகளின் சளசளப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டு, ஒரு வழியாகக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். பூங்காக்காரர்கள் அந்த ராட்டினத்துக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் அதற்குத் ‘தூக்கிப் போடுறது’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுதான் பொருத்தமான பெயர். வானத்தைப் பார்த்து நட்டுவைத்த ஒரு கம்பம், அதைச் சுற்றி நாலு பக்கமும் நாற்காலிகள். மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு கை நழுவின பாத்திரம் மாதிரி கீழே விட்டுவிடுவார்கள். கதவில் நின்றவர் சட்டையில் சர்ஃபராஸ் என்று பெயர் குத்தியிருந்தார். என் கழுத்தில் சங்கிலி இல்லை, கம்மல் திருகு இறுக்கமாக இருக்கிறது, முகத்தில் கண்ணாடி இல்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தேன். அப்போதுதான் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை குரல் கொடுத்தார்.

“தம்பி, அவள ஏத்தாத. அவளுக்குக் கண்ணுல லென்ஸு வச்சிருக்கு.”

சர்ஃபராஸின் கை ரயில்வே கேட் மாதிரி குறுக்கே விழுந்தது. அவர் பக்கத்தில் தொங்கிய போர்டைக் காட்டினார். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏறக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. முகத்தில் கண்ணாடி இல்லாமல் ஒரு போர்டைப் படிக்க முடிந்த சந்தோஷத்தைக்கூட என்னால் அனுபவிக்க முடியவில்லை.

திருச்சிப் பக்கம் ‘கண்ணுல லென்ஸ் வச்சிருக்கு’ என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கண்புரை. இலவச முகாம், வேன் வந்து கூட்டிக்கொண்டு போவது, பச்சைத் துணி, மறுநாள் கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அத்தைக்குப் போன வருடம் அப்படித்தான் வைத்தார்கள். இனிமேல் கறுப்புக் கண்ணாடி தேவையில்லை என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது, அவர் கழற்றுவதாக இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அம்மா மண்டபம் ரோட்டில் நடந்தால் ஆட்டோக்காரர்கள் நின்று வழி விடுகிறார்கள் என்பது அவர் கட்சி. பாப்பாயி என்ற அவர் பெயருக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

என்னுடையது கண்புரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. எனக்கு மைனஸ் பத்து. ஒன்றாம் வகுப்பில் போட்ட கண்ணாடி, வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே வந்தது. நாலு கண்ணி, சோடாபுட்டி, பூதக்கண்ணாடி என்று எல்லாப் பட்டத்தையும் ஜீயபுரம் பள்ளிக்கூடத்திலேயே வாங்கிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு உலகம் ஒரு சாண் தூரத்தோடு முடிந்துபோகும். அந்த ஒரு சாணுக்குள் எறும்பின் மீசைகூடத் தெரியும் என்பது வேறு விஷயம். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் என் பியூட்டி பார்லருக்கு வருகிறவர்கள், கண்ணாடிக்காரியிடம் புருவத்தைக் கொடுக்கிறோமே என்று முதல் தடவை பயந்துகொண்டுதான் உட்காருவார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கு மூக்கோடு உரச நூலைப் பிடிப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் வேறு கடைக்குப் போவதில்லை.

கிட்டப் பார்வையில் எனக்குக் குறை இல்லை. தூரத்தில்தான். தூரத்தில் இருந்ததையெல்லாம் நான் அடுத்தவர் வாயால் பார்த்தேன். சின்ன வயதில் மே மாதப் பொருட்காட்சிக்கு அப்பா கூட்டிக்கொண்டு போவார். ராட்டினக்காரர் என் கண்ணாடியைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏற்றுவார், விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்பார். மேலே போனதும் எனக்குக் கலங்கின தண்ணீரில் கரைத்த வர்ணம் மாதிரி ஏதோ ஒன்று சுற்றும், அவ்வளவுதான். பக்கத்தில் அண்ணன் இளவரசன் இருப்பான். என்னடா தெரியுது, என்னடா தெரியுது என்று அவன் சட்டையைப் பிடித்து இழுப்பேன். மலைக்கோட்டை தெரிகிறது என்பான். காவேரி தெரிகிறது என்பான். ஒரு தடவை, நம் வீடு தெரிகிறது, அம்மா மாடியில் துணி காயப்போடுகிறாள் என்றான். என்ன துணி என்று கேட்டேன். பச்சைப் புடவை என்றான். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஓடிப்போய், நீ பச்சைப் புடவை காயப்போட்டதை நான் ராட்டினத்திலிருந்து பார்த்தேன் என்றேன். அம்மாவிடம் பச்சைப் புடவையே கிடையாது. பொருட்காட்சித் திடலிலிருந்து ஜீயபுரம் எங்கேயோ கிடக்கிறது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான், ஊரே சிரித்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவன் தட்டிலிருந்த மீனைத் தூக்கிப் பூனைக்குப் போட்டேன்.

வளர்ந்த பிறகும் அதே கதைதான். ஒரு வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்து என் கண்ணாடி கீழே விழுந்து, ஆயிரம் காலுக்கு அடியில் தூளாகிப் போனது. பெருமாள் வந்தார். எனக்கு ஒரு வெளிச்சம் வந்து போன மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திவ்யமா சேவிச்சேளா?” என்று கேட்டார். ஆமாம் மாமி என்றேன். பெருமாள் சந்நிதியில் நின்று பொய் சொன்னவள் நான்.

ஆகவே தொழிற்சாலையில் குடும்பத்தோடு ஒரு நாள் உல்லாசப் பயணம் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னதும், சென்னை ரோட்டில் சமயபுரம் தாண்டிப் புதிதாகத் திறந்திருக்கும் அந்தப் பூங்காதான் என்று தெரிந்ததும், எனக்குள் ஒன்று விழித்துக்கொண்டது. அந்தக் கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே தெரியுமாம், என் கடைக்கு வந்த ஒருத்தி சொன்னாள். கண்ணாடியோடு ஏற்ற மாட்டார்களாம், அதையும் அவளே சொன்னாள். அன்று மத்தியானமே கடையை அல்ஷிஃபாவிடம் விட்டுவிட்டுப் பாலக்கரைக்குப் பஸ் ஏறினேன். அல்ஷிஃபா என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து, இப்போது என்னையே வேலை வாங்குகிறவள்.

பாலக்கரைக் கண்ணாடிக் கடையில் மஜீதா என்ற பெண்தான் எனக்கு லென்ஸ் போடக் கற்றுக்கொடுத்தாள். பிதுக்கின மொச்சையின் தோல் இருக்கிறதல்லவா, அதை ஒரு பொட்டு அளவுக்கு வெட்டினால் எப்படி இருக்கும், அதுதான் லென்ஸ். அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொந்தக் கண்ணில் சொந்த விரலை விட வேண்டும். ஊரார் கண்ணருகே நூல் பிடித்து வருடக்கணக்கில் வேலை பார்த்த எனக்கு என் கண்ணென்றதும் விரல் பாதி வழியிலேயே நின்றது. இமை மூடிக்கொள்ளும், லென்ஸ் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், மூக்கில் தண்ணீர் வடியும். மஜீதா பொறுமைசாலி. கண் தானாகப் பயப்படும், நாம்தான் அதற்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றாள். கடைசியில் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் செருப்புக் கடை மாடியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதன் அலகில் ஒரு வடைத் துண்டு இருந்தது. மஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வடையைப் பார்த்து அழுத முதல் கஸ்டமர் நான்தான் என்றாள்.

ராட்டினத்தைப் பற்றியும் அவளிடம் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டேன். இந்த மெத்தென்ற லென்ஸ் சும்மா காற்றுக்கெல்லாம் பறக்காது, கண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் காய்ந்துபோனால் நழுவலாம் என்றாள். அதனால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேகமாகக் காற்று அடிக்கும்போது மூடிக்கொள்ள வேண்டும், தண்ணீர் விளையாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, கையில் பழைய கண்ணாடியும் ஒரு மாற்று ஜோடியும் இருக்க வேண்டும். எல்லாம் சரி, மூடிக்கொள்ள வேண்டும் என்றாளே, அது மட்டும் எனக்கு உறைத்தது. மூடிக்கொள்வதற்கா நான் இத்தனை பாடு படுகிறேன்?

வினை வந்தது என் கடையிலிருந்தே. முகத்தில் கண்ணாடியைக் காணோமே என்று கஸ்டமர் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அக்கா லென்ஸ் வச்சிருக்காங்க என்று அல்ஷிஃபா சொல்லியிருக்கிறாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆப்பிளும் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக நாலு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். இந்தச் சின்ன வயசிலேயே புரையா என்று உச்சுக் கொட்டினார்கள். அத்தைக்கு வந்ததே கோபம். சொந்த மாமியாரிடம் சொல்லாமல் ஆபரேஷனா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இது ஆபரேஷன் இல்லை அத்தை, சும்மா போட்டுக் கழற்றுவது என்றேன். “எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க, ஆபரேஷனே இல்ல, அஞ்சு நிமிஷ வேலைன்னு” என்றார் அவர். அவர் முன்னால் கழற்றிக் காட்டலாம் என்றால், கண்ணில் விரல் போவதைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து எனக்குப் பத்தியச் சாப்பாடு. ஒரு மாதம் முழுக்கப் பருப்பும் ரசமும். கோபம் கோபம்தான், ஆனாலும் என் தலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குளியலறை வாசலில் காவல் இருந்தவர் அவர்தான். மருமகள் மேல் அக்கறை இல்லாத மாமியார் வாய்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது.

இப்போது கதவுக்கு வருவோம். சர்ஃபராஸுக்குக் காண்டாக்ட் லென்ஸ் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அதுவா அக்கா என்று கேட்டார், அதேதான் என்றேன். அவர் பாதி நம்பினார். ஆனால் அந்தப் பக்கம் அத்தை விடவில்லை. ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகிறது, தலைக்கே குளிக்கவில்லை, நான்தான் பத்தியம் போடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். வரிசையில் நின்றவர்கள் என் கண்ணையே உற்றுப் பார்த்தார்கள். சர்ஃபராஸ் என் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்க சொல்லுங்க சார் என்றார்.

என் வீட்டுக்காரர் பெயர் வீரமலை. பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பிறந்தபோது அவரை யாரும் உயரத்தில் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் வெல்டர். தரையில் நின்று எந்த இரும்பையும் ஒட்டவைப்பார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏணியில் ஏறச் சொன்னால் அன்று மட்டும் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். எங்கள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன், அவள் வரவில்லை. தனியாக ஏறுவதா என்று நான் முறைத்ததற்காகத்தான் அவர் வரிசையில் நின்றார். காலையிலிருந்து ஒரு வாய் இட்லி இறங்கவில்லை அவருக்கு. இப்போது வானத்திலிருந்து ஒரு கயிறு வந்து அவர் முன்னால் தொங்கியது. பிடித்துக்கொண்டார்.

“ஆமாங்க, போன மாசந்தான் வச்சுது” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “வா ரங்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

ஒரு பொய்யும் இல்லை அதில். போன மாதம்தான் வைத்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. பச்சைப் புடவை என்று சொன்ன அண்ணன்கூடச் சின்னப் பையன். இவருக்கு மீசை நரைத்துவிட்டது. இப்போது திரும்பிப் போனால் இந்தக் கம்பத்தை நான் வாழ்நாள் முழுக்கக் கீழேயிருந்துதான் பார்ப்பேன், அங்கே என்ன தெரிகிறது என்று ஊரில் ஒவ்வொருத்தியும் எனக்குச் சொல்வாள், நான் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அழுதால் ஜெயித்தது அவர்கள்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“அத்தை, அந்தப் பையைக் குடுங்க” என்றேன்.

பை வந்தது. பார்லர்க்காரி பையில் இல்லாதது உண்டா? சோப்புப் பேப்பர் இருந்தது, துண்டுத் தாள் இருந்தது, லென்ஸ் கழுவும் மருந்து இருந்தது. தண்ணீர் பாட்டிலை என் வீட்டுக்காரர் கையில் திணித்து, ஊற்றுங்கள் என்றேன். ஊற்றினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மேலே பார்த்துக்கொண்டு, வலது கண்ணின் கீழ் இமையை இழுத்து, இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளினேன். வந்துவிட்டது. விரல் நுனியில் வைத்துத் தடுப்புக் கம்பிக்கு மேலே நீட்டினேன்.

இந்தத் தடவை அத்தையால் சுவர்ப் பக்கம் திரும்ப முடியவில்லை, அங்கே சுவரே இல்லை. என் கண்ணிலிருந்து ஒன்று கழன்று வருவதை அவர் முழுசாகப் பார்த்துவிட்டார். ஆத்தி, கண்ணப் பிடுங்கிட்டா என்று ஒரு முனகல் வந்தது. பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“இதான் அத்தை லென்ஸு. ஆபரேஷன் பண்ணி வச்சிருந்தா இப்படிக் கையோட வருமா?”

அத்தை எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். என் விரலையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. சர்ஃபராஸ் சிரித்துக்கொண்டே, “போதும்கா, நம்பிட்டேன். உள்ள போட்டுக்குங்க” என்றார்.

கழற்றுவது லேசு, போடுவதுதான் வித்தை. நல்ல காற்று வேறு. முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும் பையில் இல்லாமல் போயிற்று. உங்கள் போனை எடுத்துப் பிடியுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். செல்ஃபி எடுக்கிற மாதிரி திருப்பிப் பிடித்தார். போனில் என் முகம் ஊஞ்சலாடியது. மருந்தை ஊற்றி லென்ஸைக் கழுவி முதல் தடவை கொண்டுபோனேன், மடங்கிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை, சீக்கிரம் ஆன்ட்டி என்றது. மற்ற பிள்ளைகள் அவனை அதட்டினார்கள். மறுபடி கழுவினேன். கண் தானாகப் பயப்படும், நாம்தான் தைரியம் சொல்ல வேண்டும். நான் அதற்குத் தைரியம் சொல்லவில்லை, திட்டினேன். மூடினாயானால் தொலைத்துவிடுவேன் என்றேன். உட்கார்ந்தது. சிமிட்டிப் பார்த்தேன். போர்டின் சிவப்பு எழுத்தெல்லாம் வரிசைக்கு வந்து நின்றன. வரிசையில் கைதட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். கல்யாணத்தன்றுகூட எனக்காக யாரும் விசில் அடித்ததில்லை.

ஸ்ரீரங்கம் எந்தப் பக்கம் தம்பி என்று சர்ஃபராஸிடம் கேட்டேன். மோவாயால் ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் போனைப் பிடித்தபடி கதவில் நின்றார். நான் முறைத்தேன். போனைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரும்புப் பிடி தோளுக்கு மேலிருந்து இறங்கி மார்பை அமுக்கியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயில் சமயபுரத்தம்மன் மட்டும்தான்.

நாற்காலி கிளம்பியது. கால் தரையை விட்டது. அத்தையின் தலை கீழே போனது, பெஞ்சு போனது, பாப்கார்ன் கடை போனது, மரங்களின் தலை போனது. எங்கள் பஸ் தெரிந்தது, அதன் கூரையில் யாரோ எப்போதோ எறிந்த ஒற்றைச் செருப்புக் கிடந்தது தெரிந்தது. நான் சிமிட்டிக்கொண்டே இருந்தேன். வாழைத் தோட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. ரோட்டில் லாரிகள் ஊர்ந்தன. மரங்களுக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று மணல், மணலுக்கு நடுவே தண்ணீர் கோடு கோடாக மின்னியது. கொள்ளிடம். அதன் மேல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்னைகளுக்கு மேலே, யாரும் சொல்லாமல், யாரும் கை காட்டாமல், எனக்கே தெரிந்தது. கோபுரம். அடுக்கடுக்காக ஏறிப்போன கோபுரம். தினம் நான் அதன் காலடியில்தான் காய்கறி வாங்குகிறேன். தூரத்திலிருந்து அது இவ்வளவு நிதானமாக நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் பின்னால், வெயில் மூட்டத்தில், ஒரு சாம்பல் நிறக் குன்றும் உச்சியில் சின்னதாக ஒரு கட்டடமும். மலைக்கோட்டை. இளவரசா, நீ சொன்னதெல்லாம் பொய்யில்லையடா என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. நிறையட்டும் என்று விட்டுவிட்டேன். லென்ஸ் காயக் கூடாதென்றுதானே மஜீதா சொன்னாள்.

உச்சியில் நின்றது. காற்றின் சத்தம் மட்டும்தான். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காலேஜ் பிள்ளைகளும் இரும்புப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் கை தேடித் தேடி வந்து என் கையைப் பிடித்தது, சில்லிட்டிருந்தது.

“ரங்கு” என்றார். “என்ன தெரியுது?”

என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி அது. கொள்ளிடத்தைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன், கோபுரம் எங்கே நிற்கிறது, மலைக்கோட்டை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார். அப்புறம், அப்புறம் என்றார். அந்த அப்புறத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தவளின் அப்புறம். கீழே தரையைப் பார்த்து அவர் சொன்ன ‘போன மாசந்தான் வச்சுது’ இன்னும் என் காதில் இருந்தது. மேற்கே திரும்பினேன். மேற்கே வாழையும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை.

“ஜீயபுரம் தெரியுதுங்க. எங்கம்மா மாடியில துணி காயப்போடுறாங்க.”

“அப்படியா? என்ன துணி?”

“பச்சப் பொடவ.”

அவர் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் கீழே விட்டுவிட்டார்கள். வயிறு மேலேயே தங்கிவிட்டது, உடம்பு மட்டும் வந்தது. மூடிக்கொள்ளச் சொன்னாள் மஜீதா. எனக்கு மூட மனமில்லை, அவள் பேச்சைத் தட்டவும் மனமில்லை. வலதை மூடினேன், இடதைத் திறந்துவைத்தேன். போனால் ஒன்று போகட்டும், ஒன்று மிஞ்சும். அந்த ஒற்றைக் கண்ணால் பூமி என்னை நோக்கி ஏறி வருவதைப் பார்த்தேன். மரங்களின் தலை வந்தது, பாப்கார்ன் கடை வந்தது, வாயைப் பிளந்துகொண்டு அத்தை வந்தார். காலேஜ் பிள்ளைகள் அலறினார்கள். நான் அலறவில்லை, சிரித்தேன். சிரிப்பு என்னைக் கேட்காமல் வந்தது.

இறங்கி நின்று வலதைத் திறந்தேன், இடதை மூடினேன். பிறகு மாற்றினேன். இரண்டும் இருந்தன. சர்ஃபராஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என் வீட்டுக்காரர் எழுந்து, தன் கால் தன்னிடம்தான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவருக்கு எப்படித்தான் அந்த நெஞ்சு நிமிர்ந்ததோ, போருக்குப் போய்த் திரும்பினவர் மாதிரி நடந்துபோய் அத்தையிடம் நின்றார். அங்கேயிருந்து ஊர் முழுக்கத் தெரிகிறது, ஜீயபுரத்தில் ரங்குவின் அம்மா பச்சைப் புடவை காயப்போடுவதுகூடத் தெரிந்தது என்றார். ரங்கு பார்த்தாள் என்று சொல்லவில்லை, தெரிந்தது என்றார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவருக்கு உண்மையைச் சொல்லலாம். வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லலாம், அல்லது பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர் என் அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்து அத்தை சொன்னதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எனக்குப் பிறகு புரிந்தது.

“லென்ஸுன்னா அப்படியில்ல இருக்கணும்” என்றார். “எனக்கு வச்சதுல பஸ் நம்பரே தெரியமாட்டேங்குது.”

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் நம்பர் தேடினால் எங்கே தெரியும் அத்தை என்று கேட்க வாய் வரை வந்தது. நாளைக்குக் காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். ம் என்றார். மீன் வாங்கிக்கொண்டு வரச் சொல்லட்டுமா என்று அவரே கேட்டார்.

நான் மறுபடியும் வரிசையில் போய் நின்றேன், தனியாக. இந்தத் தடவை சர்ஃபராஸ் என் கண்ணைப் பார்க்கவில்லை, அதே நாற்காலியைக் காட்டினார். கால் தரையை விட்டது. கோபுரம் அங்கேதான் இருக்கும், அதற்கு ஒன்றும் அவசரமில்லை என்று கொஞ்ச நேரம் குனிந்து கீழே பார்த்துக்கொண்டே போனேன். அத்தை பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி அவர் கையில் இருந்தது. மற்றக் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் அவர் விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, சந்தேகமே இல்லாமல், அதோ அங்கே என்று காட்டிக்கொண்டிருந்தார்.